பங்க் காலியாகிறது… சோதனைக் குழாயை எப்படி மூடுவது?

“சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் நிலத்தில் 60 சென்ட்டை, பெட்ரோல் பங்க்குக்கு 20 வருடக் குத்தகைக்கு விட்டிருந்தோம். இந்த ஆண்டோடு குத்தகை முடிகிறது. பங்க்கின் நான்கு பக்கமும் இரும்பு மூடி போட்ட சின்னக் குழாய்கள் தரையில் இருக்கின்றன. ‘இது தண்ணீரைச் சோதிக்கப் போட்டது. கான்கிரீட் போட்டு மூடிவிட்டுப் போகிறோம். நிலத்தை நல்லபடியாகப் பெற்றுக்கொண்டதாக இந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள்’ என்கிறார்கள். எங்கள் பெரியப்பாவோ, ‘எதற்கு மூட வேண்டும்? மழைத் தண்ணியைத் திருப்பிவிட்டால் பூமிக்குள்ள இறங்குமே’ என்கிறார். பங்க்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் கிணறும் தென்னையும் இருக்கின்றன. மூடச் சொல்வதா, வைத்துக்கொள்வதா?”

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஆம்பூர்.

பெரியப்பா சொல்வது நல்ல எண்ணத்தில்தான். ஆனால், இந்த இடத்துக்குப் பொருந்தாது. அந்தக் குழாய்களில் ஒரு சொட்டு மழைநீரைக்கூட இறக்கக் கூடாது. கையெழுத்தும் இப்போதைக்குப் போடக் கூடாது. குழாய்களை மூடத்தான் வேண்டும். ஆனால், மூடுவதற்கு முன்பு அவற்றிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. அப்புறம், மேலே கான்கிரீட் போடுவதற்குப் பெயர் மூடுவது அல்ல.

பங்க்கில் பெட்ரோலும் டீசலும் தரைக்கு அடியில் புதைத்த டேங்குகளில் இருக்கின்றன. டேங்கிலிருந்து பம்ப் வரை குழாய் ஓடுகிறது. டேங்க்கோ, குழாய் இணைப்போ துருப்பிடித்துக் கசிந்தால் மேலே நிற்பவருக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் வந்து போகிற இடத்தில், ஆவியாகிப் போனது, அளவில் குறைந்தது என்ற கணக்குகளோடு ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் கசிவும் கலந்துவிடும். அதனால்தான் டேங்கைச் சுற்றி, தண்ணீர் மட்டம் வரை இந்தச் சோதனைக் குழாய்களை இறக்குகிறார்கள். எல்லா பங்க்கிலும் இது இருக்காது. இருக்கும் இடத்தில் குழாயின் அடிப்பகுதியில் வரி வரியாகக் கீறல் போட்டிருப்பார்கள். அதைச் சுற்றிக் கூழாங்கல் கொட்டி, தண்ணீர் உள்ளே வரும்படி செய்திருப்பார்கள். சொல்லப்போனால் இதுவும் ஒரு சின்ன போர்தான். மோட்டார் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. கசிந்து கீழே இறங்கியதும் நிலத்தடி நீரின் மேல் ஏடுபோல மிதக்கும். மிதப்பதை மொண்டு எடுத்துவிடலாம். ஆனால், அதில் இருக்கும் பென்சீன் தண்ணீரில் கரைந்து, நீரோட்டத்தோடு சேர்ந்து நகர ஆரம்பித்துவிடும். இது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உறுதி செய்யப்பட்ட பொருள். குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய தர நிர்ணய அமைப்பு வைத்திருக்கும் வரம்பு. நம் நாட்டு பெட்ரோலில் 1 சதவிகிதம் வரை பென்சீன் இருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன், 8 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவரப் போதுமானது. ஒரு நடுத்தரத் தோட்டக் கிணற்றில் நிற்கிற தண்ணீரைவிட அது அதிகம்.

அமெரிக்காவில் இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படித்தார்கள். அங்கே இரும்பு டேங்குகளை வெறும் மண்ணில் புதைத்துவைத்திருந்தார்கள். அவை துருப்பிடித்துக் கசிந்து, ஊர் ஊராகக் குடிநீர் கெட்ட பிறகு, 1984-ம் ஆண்டு புதைத்த டேங்குகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அதன் பிறகு அங்கே கண்டுபிடிக்கப்பட்ட கசிவுகளின் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டும். நமக்குப் பக்கத்திலேயும் உதாரணம் உண்டு. 2013-ம் ஆண்டு சென்னை தண்டையார்பேட்டையில், வீட்டு போர் தண்ணீரில் பெட்ரோலிய வாடை வருகிறது என்று மக்கள் புகார் சொன்னார்கள். துறைமுகத்துக்கும் எண்ணெய்க் கிடங்குக்கும் இடையே மண்ணுக்குள் போகும் குழாயில்தான் கசிவு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை அந்த விவகாரம் போனது. முதலில் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் இல்லை, வீட்டில் தண்ணீர் பிடித்தவர்களின் மூக்குதான்.

இப்போது மழைநீர் விஷயத்துக்கு வரலாம். பாழான போரில் மழைநீரை இறக்குவது பல ஊர்களில் நல்ல பலன் கொடுத்திருக்கிறது. இந்த இதழிலும் அதுபற்றி எழுதப்பட்டிருக்கிறது. ஆனால், பங்க் தரையில் விழுகிற மழை, சிந்திய டீசலையும் வண்டி எண்ணெயையும் அள்ளிக்கொண்டுதான் ஓடும். வெறும் மண்ணில் அது விழுந்தால், மண்ணே ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றின் உதவியோடு எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கவும் செய்யும். குழாய் வழியாக இறக்கினால் அந்த வடிகட்டி முழுவதையும் தாண்டி, நேராகத் தண்ணீரில் கொண்டுபோய் ஊற்றுவதாகிவிடும். ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் பகுதியில் அடியில் இருப்பது சார்னோகைட், நைஸ் வகைக் கெட்டிப் பாறை. மேலே 30, 40 அடிக்கு மக்கிய பாறை, அதற்குக் கீழே வெடிப்புகள். இந்த வெடிப்பில் இறங்கியது எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் போகும் என்பதை மேலே நின்று யாரும் சொல்ல முடியாது. பாலாற்றங்கரை மணலாக இருந்தால் இன்னும் வேகமாகப் பரவும்.

அடுத்து, கையெழுத்து. ஆம்பூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. டேனரிக் கழிவால் பாலாற்றுப் படுகையில் கிணறுகள் உவர்த்துப்போன கதை எல்லோருக்கும் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ம் ஆண்டு தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ, முழுமையாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போயிருக்கிறது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ‘கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் தர வேண்டும், கெட்ட மண்ணையும் நீரையும் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும்’ என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றியது இந்த வழக்கில்தான். பிறகு, இழப்பை மதிப்பிட அமைக்கப்பட்ட ஆணையம் 2001-ம் ஆண்டு 547 டேனரிகள் 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று முடிவு செய்தது.

அந்தப் பட்டியலில் இடம் கிடைக்காதவர்களும், கிடைத்தும் பணம் வராதவர்களும் இருந்தார்கள். விவகாரம் அதோடு முடியாமல், 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் உச்ச நீதிமன்றம், விடுபட்டவர்களுக்கு இழப்பீடு தரவும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துக் கண்காணிக்கவும் உத்தரவிட்டது. வழக்குப் போட்ட ஆண்டிலிருந்து எண்ணினால் 33 ஆண்டுகள் தாண்டிவிட்டன. இத்தனை இழுத்ததற்குப் பல காரணங்கள். எந்தக் கிணறு, எப்போது கெட்டது, யாரால் கெட்டது என்பதற்குத் தேதி போட்ட தண்ணீர் அறிக்கை பெரும்பாலான விவசாயிகள் கையில் இல்லாததும் அதில் ஒன்று.

பங்க்கைச் சுற்றியுள்ள நான்கு குழாய்களும் இந்த வாசகருக்குச் சாட்சிகள். அவற்றை மூடிவிட்டு, ‘நல்லபடியாகப் பெற்றுக்கொண்டேன்’ என்றும் எழுதிக்கொடுத்துவிட்டால், நாளைக்குக் கிணற்றில் வாடை வந்தால் யாரிடம் போய் எதைக் காட்டுவது? பசுமைத் தீர்ப்பாயத்தில் காலக்கெடுவும் உண்டு. 2010-ம் ஆண்டு சட்டப்படி, சுற்றுச்சூழல் தகராறு என்றால் வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள்ளும், இழப்பீடு, சீரமைப்பு என்றால் 5 ஆண்டுக்குள்ளும் மனுக் கொடுக்க வேண்டும். இரண்டிலும் தகுந்த காரணம் காட்டினால் 60 நாள் வரை கூடுதலாகக் கிடைக்கும். தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

ஆகவே முதல் வேலை, பங்க் நடத்திய நிறுவனத்திடம் எழுத்து மூலமாகக் கேட்க வேண்டியது: நான்கு குழாய்களின் ஆழம், அகலம், கீறல் எத்தனை அடியில் ஆரம்பிக்கிறது, வெளிச்சுற்றில் களிமண் அல்லது சிமென்ட் அடைப்பு போட்டிருக்கிறார்களா, குத்தகை ஆரம்பித்த நாளிலிருந்து இதுவரை எடுத்த தண்ணீர்ச் சோதனை அறிக்கைகள். இவற்றின் நகலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவைப்பது நல்லது. பெட்ரோல் பங்க்குகள் மண்ணையும் நீரையும் கெடுக்காமல் இருக்க, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதைக் குறிப்பிட்டே கடிதம் எழுதலாம். டேங்கைத் தோண்டி எடுக்கும் நாளையும் முன்கூட்டியே சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். டேங்க் கிடந்த குழியின் அடிமண் கறுத்திருக்கிறதா, வாடை அடிக்கிறதா என்பதை அன்றைக்குத்தான் பார்க்க முடியும். மறுநாள் மண் கொட்டி மேவிவிடுவார்கள். பார்க்கிறேன் என்று குழிக்குள் இறங்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். டேங்கைக் காலி செய்து, ஆவி நீக்கி எடுக்கும் வேலை, மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் விதிகளுக்கு உட்பட்டது. தெரிந்த வெல்டரை வைத்து டேங்கை வெட்டி விற்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவரைப் பங்க் பக்கமே விடக் கூடாது.

இரண்டாவது, கடைசிச் சோதனை. நிறுவனத்தின் ஆள் தண்ணீர் எடுக்கும்போது வாசகரும் பக்கத்தில் இருக்க வேண்டும். அதே தண்ணீரில் ஒரு பங்கைத் தனியாக வாங்கிக்கொண்டு, என்.ஏ.பி.எல் அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முதலில், ‘பெய்லர்’ என்று சொல்லப்படும் ஒளி ஊடுருவும் நீளக் குப்பியைக் கயிற்றில் கட்டி இறக்கி, மேல் தண்ணீரை மொண்டு பார்ப்பார்கள். எண்ணெய் ஏடு இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். ஆய்வகத்தில் பென்சீன், டொலுவீன், எத்தில் பென்சீன், சைலீன் ஆகிய நான்கையும், மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் அளவையும் பார்க்கச் சொல்ல வேண்டும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் பாசன நீருக்குச் செய்யும் உப்புச் சோதனையில் இவை தெரியாது. தண்ணீர் எடுத்துப்போகும் விதமும் முக்கியம். மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து பஸ்ஸில் கொண்டுபோனால், பென்சீன் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். ஆய்வகமே தரும் கண்ணாடிக் குப்பியில், காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும்.

இந்தப் பகுதிக்கென்று இன்னொரு விஷயம் உண்டு. அதே தண்ணீரில் மொத்தக் கரைந்த உப்பு, குளோரைடு, குரோமியம் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். குடிநீரில் குரோமியத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். உப்பும் குரோமியமும் பங்க்கிலிருந்து வருபவை அல்ல. பென்சீன் டேனரியிலிருந்து வருவது அல்ல. இரண்டையும் பிரித்துக் காட்டும் அறிக்கை கையில் இல்லாவிட்டால், ‘இந்தப் பக்கத்தில் எல்லாத் தண்ணீரும் கெட்டதுதானே’ என்று பங்க்காரர் சொல்லிவிட்டுப் போவார். வாசகரின் சொந்தக் கிணற்றுத் தண்ணீரையும் அதே நாளில் அதே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஒரு தடவை சுத்தம் என்று வந்துவிட்டால் போதுமா என்றால், போதாது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது, மிதக்கிற எண்ணெயும் கூடவே இறங்கும். வழிநெடுக மண்ணில் பூசிக்கொண்டே போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் ஏறும்போது, அந்தப் பூச்சு மறுபடியும் தண்ணீரில் கரையும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டதே, அதுபோல மழை பெய்தால் பல வருடமாக வறண்டு கிடந்த மண்ணுக்கும் தண்ணீர் ஏறிவரும். வைகாசியில் எடுத்த ஓர் அறிக்கையை வைத்து நிலத்தைச் சுத்தம் என்று சொல்வது, வெயில் காலத்தில் கூரையைப் பார்த்து ஒழுகவில்லை என்று சொல்வதுபோலத்தான். மழைக்கு முன்பு ஒன்று, மழை முடிந்து தை மாதத்தில் ஒன்று என்று இரண்டு அறிக்கைகள் தேவை. நான்கு குழாயில் எது பங்க்குக்கும் கிணற்றுக்கும் நடுவே, நீரோட்டம் வருகிற பக்கத்தில் இருக்கிறதோ, அதை மட்டுமாவது இரண்டு மழைக்காலம் வரை பூட்டுப் போட்டு வைத்திருக்கலாம். சோதனைச் செலவு நிறுவனத்துடையது என்று குத்தகை முறிக்கும் பத்திரத்தில் எழுதி வாங்க வேண்டும். நிறுவனம் தயங்கும். குத்தகைதாரருக்கு உரிமையாளரின் கையெழுத்து தேவைப்படுகிற ஒரே நேரம் இதுதான் என்பதை வாசகர் மறந்துவிடக் கூடாது.

அறிக்கையில் எண்ணெய் தெரிந்தால், மூடுகிற பேச்சே அப்போதைக்கு இல்லை. அதே குழாய்கள்தான் எண்ணெயை உறிஞ்சி எடுக்கவும் பயன்படும்.

இரண்டு அறிக்கையும் சுத்தமாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி மூடும் முறை. குழாயை அப்படியே விட்டு, மேலே ஒரு கான்கிரீட் பலகை போட்டால், உள்ளே 40 அடிக்குக் காலி ஓட்டை அப்படியே இருக்கும். கான்கிரீட் ஓரத்தில் கசிகிற தண்ணீர் அதில் இறங்கிக்கொண்டே இருக்கும். மேலிருந்து மண்ணையோ ஜல்லியையோ கொட்டினால் நடுவிலே எங்காவது சிக்கிப் பாலம் கட்டிக்கொள்ளும். கீழே காலி, மேலே நிரம்பின தோற்றம். மணல் கொட்டினால், அது தண்ணீரைத் தடுக்காது. வடிகட்டி அனுப்பும், அவ்வளவுதான்.

சரியான முறையில் முதல் வேலை, குழாயை உருவி எடுக்கப் பார்ப்பது. வெளிச்சுற்றில் களிமண்ணோ, சிமென்ட்டோ வைத்து ஏற்கெனவே அடைத்திருப்பதற்குப் பதிவு இருந்தால், உள்ளே மட்டும் நிரப்பினால் போதும். பதிவு இல்லையென்றால், குழாய்க்கு வெளியே கொட்டிய கூழாங்கல்லும் ஒரு வழிதான். அதனால் குழாயை உருவி, அல்லது பெரிய பிட் வைத்துக் குழாயோடு சேர்த்துக் குடைந்து எடுத்து, முழு ஓட்டையையும் நிரப்ப வேண்டும். நிரப்புவதற்கு சிமென்ட் பால். 50 கிலோ மூட்டைக்கு 27 லிட்டர் தண்ணீர், கூடவே ஒன்றரை முதல் இரண்டரை கிலோ பென்டோனைட் களிமண். இந்தக் களிமண், தண்ணீர் பட்டால் பல மடங்கு உப்பி இடுக்கையெல்லாம் அடைத்துக்கொள்ளும். சிமென்ட் காயும்போது சுருங்கி விரிசல் விடுவதையும் குறைக்கும். முக்கால் அங்குல அல்லது ஒரு அங்குலக் குழாயை அடிவரை இறக்கி, அதன் வழியே பம்ப் வைத்து அனுப்ப வேண்டும். சிமென்ட் பால் அடியிலிருந்து ஏறி, உள்ளே நிற்கும் தண்ணீரை மேலே தள்ளும். சின்னக் குழாயின் முனை எப்போதும் சிமென்ட் பாலுக்குள் முங்கியே இருக்கும்படி மெல்ல மெல்லத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். மேலே வழிகிற தண்ணீரை டிரம்மில் பிடிக்க வேண்டும். வாய்க்காலில் விடக் கூடாது. மறுநாள் பார்த்தால் சில அடி அமுங்கியிருக்கும். மறுபடியும் நிரப்ப வேண்டும். இறுகிய பிறகு, தரைக்குக் கீழே மூன்றடி ஆழத்தில் குழாயை வெட்டிவிட்டு மண் மூடினால், நாளைக்கு டிராக்டர் கலப்பை மாட்டாது.

வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க விவசாயிக்கு எளிய வழி, மூட்டைக் கணக்கு. நான்கு அங்குலக் குழாயில் ஒரு அடிக்கு ஏறக்குறைய இரண்டரை லிட்டர் பிடிக்கும். 40 அடி என்றால் 100 லிட்டர். ஒரு மூட்டை சிமென்ட், மேலே சொன்ன அளவில் கலந்தால் 42 லிட்டர் பால் தரும். ஆக, ஒரு குழாய்க்கு இரண்டரை மூட்டை. உருவி எடுத்த ஓட்டை பெரிதாக இருக்கும் என்பதால், அதற்கு இன்னும் கூடும். அரை மூட்டையில் நிரம்பிவிட்டது என்றால், உள்ளே காலி இருக்கிறது. பத்து மூட்டை போட்டும் நிரம்பவில்லை என்றால், அடியில் பெரிய வெடிப்பு இருக்கிறது. அப்போது வேலையை நிறுத்தி, விவரம் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். தேதியோடு போட்டோ, சர்வே கல்லிலிருந்து எத்தனை அடி என்ற அளவு, ஆழம், மூட்டை எண்ணிக்கை, வேலை செய்தவர் கையெழுத்து எல்லாம் அடங்கிய ஒரு தாளை வாங்கி, நிலப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும். பங்க்கில் கழிவறைக்கென்று ஒரு போர் போட்டிருப்பார்களே, அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது.

இதற்கு நடுவே, தோட்டக் கிணற்றில் பெட்ரோல் வாடையோ, தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படலமோ தெரிந்தால், மோட்டாரைப் பார்க்கிறேன் என்று யாரும் இறங்கக் கூடாது. பீடி, தீக்குச்சி, விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம். மோட்டாரின் மெயினைத் தூரத்திலேயே அணைத்துவிட்டுத் தீயணைப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும். (குளத்து நீரில் இரும்புச் சத்தால் வரும் படலமும் வானவில்போலவே மின்னும். குச்சியால் கலைத்தால் இரும்புப் படலம் சில்லுச் சில்லாக உடையும். எண்ணெய் என்றால் உடனே ஒன்றுகூடிக்கொள்ளும்.)

“எங்கள் தோட்டத்தில் 300 அடி போர் ஒன்று 15 வருடமாகச் சும்மா கிடக்கிறது. மேல் ஊற்றுத் தண்ணீர் உப்பு. கேசிங் பைப்பை உருவிக்கொள்ள ஒருவர் விலை கேட்கிறார். கொடுக்கலாமா? ஓட்டையை எப்படி மூடுவது?”

- வாணியம்பாடி வாசகர் ஒருவர்.

உருவுகிற அன்றைக்கே மூடுவதாக இருந்தால் கொடுக்கலாம். பைப்பை உருவியதும் மேல் மண் சரிந்து, ஓட்டையின் வாய் புனல்போல விரியும். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பாழான போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல், குடைந்தெடுத்த தூள் ஆகியவற்றால் நிரப்ப வேண்டும் என்றும், நிரப்பியதற்குச் சான்று வேண்டும் என்றும் 2010-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

அந்த உத்தரவு குழந்தைகளின் உயிருக்காகப் போட்டது. அதற்கு அது போதும். ஆனால், டேனரிப் பகுதியில் இன்னொரு கவலையும் சேர்கிறது. மேல் ஊற்று உப்பாகவும், ஆழத்து ஊற்று ஓரளவு நன்றாகவும் இருக்கிற இடத்தில், சும்மா கிடக்கிற போர், மேல் தண்ணீரை இரவும் பகலும் கீழே இறக்கிக்கொண்டிருக்கும் குழாய்தான். இந்தப் பக்கத்தில் கேசிங் பைப்பைக் கெட்டிப் பாறை வரை இறக்கி நிறுத்திவிடுவார்களே தவிர, வெளிச்சுற்றில் சிமென்ட் வைப்பது அபூர்வம். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன் குரோமியக் கழிவு குவிந்து கிடக்கிறது. அங்கே ஆய்வாளர்கள் சோதித்த நிலத்தடி நீரில், லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கும் மேலே குரோமியம் இருந்தது. மேலே கொட்டியது எவ்வளவு தூரம் கீழே போகும் என்பதற்கு அந்த ஓர் இடம் போதும். மண்ணும் மணலும் போட்டு நிரப்பினால் குழந்தை விழாது. உப்புத் தண்ணீர் இறங்குவது நிற்காது.

300 அடியையும் சிமென்ட் பாலால் நிரப்பினால், ஆறரை அங்குல ஓட்டைக்கு 45 மூட்டைக்கு மேல் பிடிக்கும். அவ்வளவு செலவு வேண்டியதில்லை. கேசிங் 60 அடி வரை இருந்தது என்றால், அடியிலிருந்து 90 அடி ஆழம் வரைக்கும் கழுவிய சுத்தமான ஜல்லியையும் களிமண் உருண்டையையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டாமல், அவ்வப்போது கயிற்றில் கல் கட்டி இறக்கி ஆழம் அளந்துகொண்டே போட்டால், நடுவில் சிக்கினால் தெரிந்துவிடும். மேலே உள்ள 90 அடிக்கு மட்டும், முன்பு சொன்ன முறையில் சின்னக் குழாய் இறக்கி சிமென்ட் பால். இதற்கு 14 மூட்டை ஆகும். கேசிங் பைப்பைச் சிமென்ட் ஏற ஏற உருவினால், வெளிச்சுற்றும் சேர்ந்து அடைபடும். பைப் வாங்குகிறவரிடம் இதைச் சொல்லி, இரண்டு வேலையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டும். மூடிய விவரத்தை ஊராட்சியிலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் எழுதிக்கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய போர் லாரிக்காரரின் பில் வீட்டில் எங்காவது இருந்தால் தேடி எடுப்பது நல்லது. கேசிங் எத்தனை அடி என்பது அதில்தான் இருக்கும்.